எடை போட்டு வாங்கிய கார்

அய்யாக்குட்டிக்கு எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் நம்பத் தெரியாது. முருங்கைக்காய் வாங்கினாலும் சரி, மூக்குத்தி வாங்கினாலும் சரி, உள்ளங்கையில் வைத்து ரெண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்ப்பார். கனம் இருந்தால் முகம் மலரும். இல்லையென்றால், "காத்துல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருக்குப் பழைய இரும்புக் கடை. உடைந்த தோணியின் நங்கூரம், கப்பலில் கழித்துப் போட்ட தகடு, பஞ்சாலையில் பல் தேய்ந்த சக்கரம் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். எது என்ன வேலை செய்தது, எந்தக் கடலைப் பார்த்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத பேச்சு. தராசில் ஏறினால் ஒரு விலை. அவ்வளவுதான்.

அவர் பெண்டாட்டி செல்லக்கனிக்கு இந்தப் பழக்கத்தின்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று, அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கனம்" என்று சொன்ன மனிதர் அவர். பெண்ணைப் பார்த்தாரோ இல்லையோ, செம்பைப் பார்த்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே கல்யாணமாகி இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம் வேம்பார்.

தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரமாகவே போனால் வேம்பார் வரும். அவள் பிறந்த ஊர். அவள் அப்பா அங்கே கருப்பட்டியும் பலசரக்கும் வைத்து விற்றார். கடைக்கு எதிர்த்த வீடு பிளாரன்ஸ் வீடு. பிளாரன்ஸின் அப்பா கடலில் முத்துச்சலாபம் நடக்கிற வருஷங்களில் முத்துக் குளிக்கப் போவார், மற்ற நாளில் வலை. செல்லக்கனியின் வீட்டில் முருகன் படம், பிளாரன்ஸின் வீட்டில் மாதா படம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு. அந்தத் தெருவை அந்தப் பெண்கள் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடந்திருப்பார்கள் என்று தெருவுக்கே தெரியாது.

கடையில் கருப்பட்டிச் சிப்பம் நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உத்தரத்தில் தொங்கும். மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும் ஆளுக்கொரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். முள் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்க வேண்டும், அதுதான் விளையாட்டு. இந்தப் பக்கம் லேசாக இருந்தால் மடியில் ஒரு கருப்பட்டி எடுத்து வைத்துக்கொள்வது. கனத்துவிட்டால் அதே கருப்பட்டியைக் கடித்துத் தின்று குறைப்பது. தின்றது வயிற்றுக்குள்தானே போகிறது, அப்புறம் எங்கே குறையும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை. முள் நடுவில் நிற்கும்வரை தின்றுகொண்டே இருப்பார்கள்.

பிறகு பிளாரன்ஸைக் கொழும்பில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே செல்லக்கனியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார், கடை கைமாறியது. வேம்பாரில் செல்லக்கனிக்கு என்று ஒரு வாசல் இல்லாமல் போனது. பிளாரன்ஸ் மட்டும் சில வருஷங்களில் கோயில் திருவிழாவுக்கு வந்து, பெற்றவளோடு நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவாள். சேதி வரும். செல்லக்கனி புருஷனிடம் போய் நிற்பாள்.

"பஸ்ஸுலயா?" என்பார் அய்யாக்குட்டி. "தாய்வீடும் இல்லாத ஊர்ல நீ பஸ்ஸுல போயி எறங்கினா, அய்யாக்குட்டி பெண்டாட்டி பையைத் தூக்கிட்டுத் தெருவுல நிக்கான்னு சொல்ல மாட்டானுவளா? கொஞ்சம் பொறு. காரு வாங்குதேன். காருல போயி எறங்கு, ஊரே பாக்கட்டும்."

அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு வாதாடத் தெரியவில்லை. இப்படியே பதினெட்டு வருஷம் போய்விட்டது.

ஒரு நாள் காலையில் வேம்பாரிலிருந்து கருவாடு கொண்டுவருகிற விக்டோரியா, தலையிலிருந்த ஓலைக் கடகத்தை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னாள்.

"யக்கா, பிளாரன்ஸ் வந்திருக்கா."

செல்லக்கனி கடகத்திலிருந்து எடுத்த சாளைக் கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"திருவிழா இல்லையேளா இப்போ?"

"திருவிழாவுக்கு வரல. தாயைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. கிழவிக்குக் கண்ணும் தெரியல, காலும் ஓடல. வீட்டை வித்தாச்சு. இனிமே இங்கன வரணும்னா ஆயிரத்தெட்டு காயிதம் கேக்கானாம், அங்க ஒரு ஆபீஸ், இங்க ஒரு ஆபீஸ். இனி வரமாட்டேன் விக்டோரியான்னு அவளே வாயால சொல்லிட்டா. வார வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸுல ராமநாதபுரம், அங்கேருந்து ரயிலு, பொறவு கப்பலு."

"என்னைக் கேட்டாளா?"

"கேக்காம? செல்லம் வருவாளா, செல்லம் வருவாளான்னு ஒரே கேள்வி. நான் என்னத்தச் சொல்ல? அவ புருஷன் காரு வாங்கிட்டிருக்காருன்னு சொன்னேன்."

செல்லக்கனிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "பேசக்கூட வேண்டாம்ளா," என்றாள். "அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும் எனக்கு."

அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள். "வியாழக்கிழமையோட அவ போறா. இனி வரமாட்டா," என்று மட்டும் சொன்னாள். அய்யாக்குட்டி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை அவர் எந்தத் தராசிலும் வைத்தது கிடையாது. ஆனாலும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"இந்த வாரமே காரு வாங்குதேன். வியாழக்கிழமை நீ காருலதான் போற."

தூத்துக்குடியில் அப்போது விற்பனைக்கு நின்றவை இரண்டு. ஒன்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் பேபி கார், பச்சை நிறம், சின்னஞ்சிறிசு. இன்னொன்று பெரிய கறுப்பு அமெரிக்காக் கார், எந்தத் துரையோ விட்டுவிட்டுப் போனது. அதை விற்றுக் கொடுக்க வந்தவன் ரோச். அவனுக்கு இதுதான் தொழில் என்று ஒன்று கிடையாது. தோணி விற்பான், வீடு விற்பான், கையில் கிடைத்ததை விற்பான். அய்யாக்குட்டி கடையிலும் போக்குவரத்து உண்டு. போன மாசம்கூடத் தோணிக்கு வேண்டும் என்று ஒரு சுருள் நங்கூரச் சங்கிலியை விலை அடித்துப் பேசி வாங்கிப்போனான்.

இரண்டு காருக்கும் ஏறக்குறைய ஒரே விலை சொன்னார்கள். அய்யாக்குட்டிக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டையும் உப்புக் கம்பெனியில் லாரி நிறுக்கிற மேடைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

செல்லக்கனியும் போயிருந்தாள். உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கார் ஓட்டுவதற்கென்று அய்யாக்குட்டி பேசி வைத்திருந்த செந்தில்வேல் அங்கே இருந்தான். பதினைந்து வருஷம் உப்பு லாரி ஓட்டிய ஆள், வாய் கொஞ்சம் நீளம். பேபி காரின் மூடியைத் திறந்து பார்த்தான், கீழே படுத்துப் பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க. சிட்டு மாதிரி ஓடும்."

"சிட்டை நிறுத்தா என்னலே கெடைக்கும்?" என்றார் அய்யாக்குட்டி.

பேபி கார் மேடையில் ஏறியது. எடை பார்க்கிறவர் சொன்னதைக் கேட்டு அய்யாக்குட்டி உதட்டைப் பிதுக்கினார். பிறகு கறுப்புக் கார் ஏறியது. மேடை ஒரு தடவை முனகியது. எடை பார்க்கிறவர் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "அண்ணாச்சி, இது காரா, கப்பலா?" என்றார்.

அய்யாக்குட்டியின் முகம் மலர்ந்ததைச் செல்லக்கனி பார்த்தாள். செம்பைத் தூக்கிப் பார்த்த அதே முகம்.

"துரை காரு அண்ணாச்சி," என்றான் ரோச். "தகடு எல்லாம் அந்தக் காலத்துத் தகடு. இப்போ எவன் இப்படிப் போடுதான்? எல்லாம் காயிதம்லா!"

"பின்னால ஒக்காந்தாப்புல இருக்கே," என்றான் செந்தில்வேல், குனிந்து பார்த்து. "பின் சக்கரம் ரெண்டும் அமுங்கி நிக்கி."

"கனம்லே, கனம்! கனம் இருந்தா அமுங்கத்தான் செய்யும்." அய்யாக்குட்டி காரின் கதவைத் திறந்து மூடினார். அது டமாரென்று மூடியது. "கேட்டியா சத்தத்தை? இந்தா பாரு, ரெண்டும் ஒரே விலை. ஓடுறவரைக்கும் ரெண்டும் ஓடும். ஒரு நாள் நின்னு போகும்லா? அன்னைக்கு நம்ம கடையில கொண்டு போட்டா இது எத்தனை டன், அது எத்தனை?"

"வாங்கும்போதே எழவு வீட்டுக் கணக்குப் பாக்கீங்களே அண்ணாச்சி."

"அதைப் பாக்காதவன்தாம்லே பின்னால அழுதான்."

செல்லக்கனி மெல்லச் சொன்னாள், "எனக்கு அந்தச் சின்னதே போதுமே." பேபி காரின் பின்சீட்டை அவள் முன்பே எட்டிப் பார்த்திருந்தாள். இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். அவள் மனசுக்குள் அங்கே பிளாரன்ஸை உட்கார வைத்தாகிவிட்டது.

"ஒனக்குக் காரைப் பத்தி என்னளா தெரியும்?"

"காரைத் தெரியாது. வேம்பாருக்கு வழி தெரியும். நடுவுல வைப்பாத்து மணலு இருக்கு, அதுவும் தெரியும்."

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்புக் கார் இரும்புக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் செல்லக்கனி குளித்து, கல்யாணத்தில் எடுத்த மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஒரு துணியில் கருப்பட்டி நாலைந்து முடிந்து வைத்துக்கொண்டாள். கொழும்புக்காரிக்குக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? அவளுக்கு அங்கே கிடைக்காதது ஏதாவது உண்டா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் கருப்பட்டியில் வந்து நின்றாள்.

ராமநாதபுரம் பஸ் தூத்துக்குடியில் கிளம்புவதற்கு முன்பே இவர்கள் கிளம்பிவிட்டார்கள். வழியில் தருவைக்குளம் தாண்டியதும் கார் சூடேறிப் புகைந்தது. தண்ணீர் தேடி ஊற்றுவதில் நேரம் போனது. வலது பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. உடைமரம், உப்பளம், பனை, மறுபடி உடைமரம். அய்யாக்குட்டி முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே வருகிற மாட்டுவண்டிக்காரன்கூடத் தன்னைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு வந்தார். செல்லக்கனி பின்சீட்டில் தனியாக இருந்தாள். சீட்டு பத்தாயம்போல விசாலம். அவள் ஒரு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே உட்கார்ந்திருந்தாள்.

வைப்பாறு வந்தது. அந்த இடத்தில் அப்போது பாலம் கிடையாது. ஆற்றில் பாதி வருஷம் தண்ணீரும் கிடையாது, வெறும் மணல். மணலின்மேல் பனை ஓலையைப் பரப்பிப் பாதை போட்டிருப்பார்கள். பஸ் வந்தாலும் லாரி வந்தாலும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இக்கரையில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். வண்டி வெறுமனே ஓலைமேல் ஓடி அக்கரைக்குப் போகும். ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்துபோய் ஏறிக்கொள்வார்கள். கைப்பிள்ளைக்காரியும் நடப்பாள், தாசில்தாரும் நடப்பார்.

செந்தில்வேல் காரை நிறுத்தினான். "எறங்குங்க அண்ணாச்சி. மைனி, நீங்களும்."

"எதுக்கு?"

"மணலுலா. எறங்கி நடந்துதான் ஆவணும்."

"சொந்தக் காரு வாங்கினவன், காருக்குப் பின்னால செருப்பைத் தூக்கிட்டு நடக்கவா? நல்லா இருக்குலே கதை. ஓட்டு."

"அண்ணாச்சி, உப்பு லாரியில நானே…"

"இது லாரி இல்ல, காரு. ஓட்டுலே."

செல்லக்கனி கதவின் பிடியில் கை வைத்தாள். "நான் எறங்கிக்கிடுதேன்," என்றாள். அதற்குள் கார் கரையிலிருந்து கீழே இறங்கிவிட்டது.

நடு ஆறுவரை போனது. அங்கே ஓலை பழசாகிப் பொடிந்து கிடந்தது. பின்பக்கம் ஒரு தடவை குலுங்கியது, அப்புறம் மெதுவாக, பெரிய மனிதர் பாயில் உட்காருகிற மாதிரி, அப்படியே உட்கார்ந்துகொண்டது. செந்தில்வேல் முறுக்க முறுக்க மணல் பின்னால் பறந்ததே தவிர கார் அசையவில்லை. மூவரும் இறங்கினார்கள். பின் சக்கரம் பாதிக்குமேல் புதைந்திருந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செல்லக்கனி வேம்பார் திசையைப் பார்த்தாள். நடந்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர முடியாத தூரம்.

"பின்பாரத்தை எறக்கணும்," என்றான் செந்தில்வேல். டிக்கியைத் திறந்தான். மேலே கிடந்த மாற்று டயரை எடுத்தான், அதற்குக் கீழே விரித்திருந்த சாக்கை எடுத்தான். சாக்குக்குக் கீழே புதுப் பலகை அடித்திருந்தது. "இது என்னத்துக்கு இங்க பலகை?" என்று கம்பியால் நெம்பினான். பலகை எழும்பியது.

உள்ளே ஒரு சுருள் நங்கூரச் சங்கிலி, சுருண்ட பாம்புபோலப் படுத்திருந்தது.

அய்யாக்குட்டி குனிந்து ஒரு கண்ணியைத் தூக்கிப் பார்த்தார். பழக்கதோஷம், உள்ளங்கையில் ஏற்றி இறக்கினார். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தார். கண்ணியின் உடைந்த இடம் பித்தளை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒட்டை அவரே கடையில் பக்கத்தில் நின்று போடச் சொல்லியிருந்தார்.

"இது நம்ம சங்கிலி," என்றார் மெதுவாக. "ரோச்சுக்கு வித்தேனே, அது."

செல்லக்கனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்தினாள். அடக்க முடியவில்லை. ஆற்று மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "உங்க இரும்பையே உங்களுக்கு வித்திருக்கான்! அதையும் நிறுத்து வாங்கியிருக்கீக!"

செந்தில்வேலும் சிரிக்க ஆரம்பித்து, அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"அந்த மூதியை ஊருக்குப் போயி…" என்று அய்யாக்குட்டி பல்லைக் கடித்தார். ஆனால் பெண்டாட்டியின் சிரிப்பு சிரிப்பாக நிற்கவில்லை என்பதை அவர் கவனித்தார். கண்ணைத் துடைக்கத் துடைக்க அது வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து வருகிற பஸ், பிளாரன்ஸ் வேம்பாரில் ஏறப்போகிற அதே ராமநாதபுரம் பஸ், இக்கரைக்கு வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். பஸ் வெறுமனே, இவர்கள் காருக்கு விலகி, ஓலை நன்றாக இருந்த பக்கமாக ஓடி அக்கரை ஏறியது. ஆட்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றிப் பார்த்தபடி நடந்தார்கள். "என்ன அண்ணாச்சி, புதுக் காரா?" என்று ஒருத்தர் கேட்டார்.

செல்லக்கனி எழுந்தாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். காருக்குள் கையை விட்டுக் கருப்பட்டி முடிச்சை எடுத்துக்கொண்டாள்.

"எங்களா போற?"

"பஸ்ஸுல."

"ஏளா, கொஞ்சம் பொறு, இந்தா இப்போ எடுத்துருவான். இத்தனை வருஷம் பொறுத்துட்டு, காரையும் வாங்கிட்டு, நீ போயி பஸ்ஸுல…"

"காருல போயி எறங்கணும்னு உங்களுக்குத்தாங்க ஆசை," என்றாள் செல்லக்கனி. கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "எனக்கு அவகிட்ட போயி எறங்கணும்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மணல் சுட்டது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "டிக்கெட்டுக்கு வச்சிருக்கியா?" அவள் திரும்பாமலே தலையை ஆட்டினாள். "வேம்பாருல நில்லு! நான் வந்து கூட்டிக்கிடுதேன்!"

வேம்பாரில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் கூட்டம். ஜன்னல் வழியாகச் செல்லக்கனி தேடினாள். வட்டக் கன்னமும் கரிய கண்ணுமாக ஒருத்தியைத் தேடினாள். அப்படி யாரும் இல்லை. ஒரு கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, நரை ஓடிய தலையும் ஒட்டிய கன்னமுமாக, கழுத்தெலும்பு தெரிய ஒருத்தி நின்றாள். அவளும் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்வை செல்லக்கனியிடம் வந்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது.

"ஏளா… செல்லம்?"

அவ்வளவுதான். வேறென்ன சொல்ல. பஸ் அங்கே சற்று நேரம்தான் நிற்கும். கண்டக்டர் பெட்டிகளை மேலே ஏற்றுகிறார், கிழவியை முன்சீட்டில் உட்கார வைக்கிறார்கள், வழியனுப்ப வந்தவர்கள் அழுகிறார்கள். செல்லக்கனி இறங்கவே இல்லை. இறங்கினால் தெருவில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை. இறங்காவிட்டால்? பக்கத்து இடத்தில் கையை வைத்து மறித்துக்கொண்டாள். கூட்டத்தில் நின்ற விக்டோரியாவைப் பார்த்துக் கத்தினாள்: "ஏளா விக்டோரியா! அவுக காரு வந்தா சாயல்குடிக்கு வரச் சொல்லு! நான் இந்த பஸ்ஸுலயே இவகூட சாயல்குடிவரைக்கும் போறேன்!"

பிளாரன்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. பிளாரன்ஸ் கழுத்தைத் திருப்பிக் கோயில் கோபுரம் மறையும்வரை பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஒரே மூச்சுத்தான். காயிதம் வாங்க அலைந்தது, வீடு விலை பேசியது, மாமியார் போனது, மூத்தவன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தது, அம்மா வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டது. "நாலு ராத்திரியா கண்ணே மூடலளா. சட்டி பானையெல்லாம் யாருக்குக் கொடுக்க, படத்தையெல்லாம் எதுல சுத்த… நீ என்னளா இப்படிப் பெருத்துட்டே!"

"நீ என்ன இப்படி எளைச்சிட்டே!"

"இப்போ தராசுல உக்காந்தோம்னா நான் உத்தரத்துல போயி முட்டிருவேன்."

செல்லக்கனி முடிச்சை அவிழ்த்து ஒரு கருப்பட்டியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பிளாரன்ஸ் அதைப் பார்த்தாள். எடுத்து ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு நீட்டினாள். செல்லக்கனியும் கடித்தாள். இரண்டு பேரும் மென்றார்கள். கடைத்தெரு, கண்ணயர்ந்த அப்பா, உத்தரத்துச் சங்கிலி கிரீச்சென்ற சத்தம் எல்லாம் அந்த ஒரு கடியில் வந்து போயிற்று.

"நானே பேசிட்டு வாரேன்," என்றாள் பிளாரன்ஸ். "நீ சொல்லு. எல்லாம் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

எங்கிருந்து ஆரம்பிப்பது? செல்லக்கனி இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரு வரிசையில் கொண்டுவரப் பார்த்தாள். பிறந்து மூன்றாம் மாசமே போன தலைப்பிள்ளை. அதைச் சொல்ல வேண்டும், அதை யாரிடமும் சரியாகச் சொன்னதே இல்லை. "மொதல்ல ஒரு பொம்பளப்பிள்ளை பொறந்திச்சுளா," என்று ஆரம்பித்தாள். "ஒன் பேருல பாதியை வச்சு…"

தோளில் ஏதோ வந்து சாய்ந்தது. திரும்பிப் பார்த்தாள். பிளாரன்ஸ் தூங்கிவிட்டாள். பாதி தின்ற கருப்பட்டி கையில் இருந்தது.

எழுப்பலாம். சாயல்குடி ஒன்றும் தூரம் இல்லை. எழுப்பினால் சொல்லலாம். செல்லக்கனி கையைத் தூக்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், திறந்த வாய், நாலு ராத்திரி விட்டுப்போன தூக்கம். தூக்கிய கையால் முந்தானையை இழுத்து, ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் தோளை விறைத்துக்கொண்டாள், தலை நழுவக் கூடாது. தோள் மரத்தது. மாற்றவில்லை. பனைகள் ஓடின. சாயல்குடி வந்துவிடக் கூடாது என்று முருகனை வேண்டினாள். முன்சீட்டில் கிழவி கையில் செபமாலையோடு இருந்தாள், அவளுடைய மாதாவையும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

சாயல்குடி வந்தது.

அவள் எழுந்தபோதுதான் பிளாரன்ஸ் விழித்தாள். ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. "சொல்லிட்டியா?" என்றாள் பதறி. "நான் தூங்கிட்டேனா? ஏளா, என்னை எழுப்பக் கூடாதா, சவமே!"

"சொல்லியாச்சு," என்றாள் செல்லக்கனி. "நீ தூங்கும்போது எல்லாத்தையும் சொல்லியாச்சு."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஜன்னலில் ஒரு கை, அதில் கருப்பட்டித் துண்டு. வளைவில் அதுவும் மறைந்தது.

வெயில் சாய்ந்த பிறகு கறுப்புக் கார் வந்தது. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி அதைத் தூரத்திலேயே பார்த்தாள். காலையில் பார்த்த கார் மாதிரி இல்லை, பின்பக்கம் எழும்பி நின்றது. அய்யாக்குட்டி இறங்கினார். வேட்டி, முகம், மீசை எல்லாம் மணல்.

"பாத்தியா அவளை?"

"பாத்தேன். சங்கிலி எங்கங்க?"

அவர் வேட்டி மணலைத் தட்டினார். செந்தில்வேல் சொன்னான்: "ஆத்துல கெடக்கு மைனி. அதை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில விரிச்சுல்லா வண்டியை ஏத்தினோம். அது மணலுக்குள்ள அமுங்கிப் போச்சு. தோண்டிருவோமான்னு கேட்டேன். அண்ணாச்சி அடிக்க வாராரு. வண்டியை எடுலே, அங்கன அவ ஒத்தையில நிப்பான்னு…"

"வாயை மூடிட்டு ஓட்டுலே," என்றார் அய்யாக்குட்டி.

திரும்பும்போது அவர் முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேம்பாரில் பிளாரன்ஸ் வீட்டு வாசலைத் தாண்டியபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. செல்லக்கனி தலையைத் திருப்பவில்லை, ஆனால் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வைப்பாற்றங்கரையில் கார் நின்றதும் யாரும் சொல்லாமலே அய்யாக்குட்டி இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். செல்லக்கனியும் இறங்கினாள். கார் ஓலையின்மேல் லேசாக ஓடி அக்கரை ஏறியது. இருவரும் மணலில் நடந்தார்கள். நடு ஆற்றில் சங்கிலியின் நாலு கண்ணி வெளியே தெரிந்தது, பித்தளை ஒட்டு மாலை வெயிலில் மின்னியது. அவர் நடை ஒரு கணம் தயங்கியது. அவள் நின்று பார்த்தாள். அவர் தாண்டி நடந்தார்.

கொஞ்ச தூரம் போய்க் கேட்டார், "என்ன சொன்னா ஒன் கூட்டுக்காரி?"

"ஒண்ணும் பெருசா பேசலங்க. தூங்கிட்டா."

"தூங்கிட்டாளா?" அவர் நின்றுவிட்டார். "இதுக்காளா இத்தனை வருஷம்…"

"ஏந் தோள்லதான் தூங்கினா. சாயல்குடி வரைக்கும்."

அவள் இடது தோளைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையில் அங்கே தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. அய்யாக்குட்டி அந்த வட்டத்தைப் பார்த்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்.

"கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றாள் செல்லக்கனி.

அவர் தலையை ஆட்டினார். "அப்போ நல்லதுதான்," என்றார். அக்கரைவரை இருவரும் மெதுவாக நடந்தார்கள்.